சோற்றுக்கு முன்

கரியாலூர் போகும் பஸ்ஸில் பாக்கியத்துக்குப் பக்கத்து இடம் கடைசி வரைக்கும் காலியாகவே வந்தது. அருவி பார்க்கப் போகும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் உட்காரப் பார்த்து, ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள். பாக்கியம் முந்தானையை இழுத்து மடிக்குள் சுருட்டிக்கொண்டாள். நாற்றம் அவளுக்கே தெரிந்தது. வேர்வையும் அடுப்புப் புகையும் ஆட்டுக் கொட்டகையும் ஏறிப்போன சேலை. வேலைக்கும் அதுதான், தூங்கவும் அதுதான் என்று சில நாட்களாக உடம்பில் கிடந்தது. எலவனாசூர்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர் வீட்டு ராஜாம்பாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னாடி இது, மாத்துச் சேலகூட இல்லையா உனக்கு?" பாக்கியம் பஸ் வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள். அப்படிச் செய்யச் சொன்னது அரசாங்கத்து ஆள்.

மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறிய உயிரியல் பூங்காவில் பராமரிப்பாளன் சுப்புராயன். போனில் அவன்தான் சொல்லியிருந்தான். "கட்டின சேலய துவைக்காதீங்கக்கா. அத்தயே கட்டிக்கினு வேல செய்ங்க. வேர்வ நல்லா ஏறட்டும். வரும்போது மாத்துச் சேல ஒண்ணு கைல எடுத்துக்கினு வந்துடுங்க." ஏன் என்றும் பொறுமையாக விளக்கினான். நாம் ஒருவரைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். பூனை கண்ணால் பார்த்தாலும் மூக்கால் உறுதி செய்துகொண்ட பிறகுதான் நம்பும். புது இடத்துக்கு வந்த பூனைக்குச் சுவரும் தெரியாது, தரையும் தெரியாது, காற்றும் தெரியாது. தெரிந்த வாசனை ஒன்று அங்கே கிடந்தால், அதில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் அடுத்த காலை எடுத்து வைக்கும். பாக்கியம் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவன் சொன்னதில் கடைசி வார்த்தைதான் அவளுக்கு மனதில் நின்றது. பூங்காவுக்கு வந்ததிலிருந்து சோகை எதுவும் தின்னவில்லை.

சோகை என்பது அவளிடம் வளர்ந்த காட்டுப்பூனையின் பெயர். காய்ந்த கரும்புத் தோகையை அங்கே சோகை என்பார்கள். அந்த நிறம் அப்படியே அதன் மேல் இருந்ததால் அவள் புருஷன் சூசை வைத்த பெயர். கரும்பு வெட்டுகிறவர்கள் ஒரு கழனியை ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு போவார்கள். நான்கு பக்கமும் வெட்டு நெருங்க நெருங்க, உள்ளே குடியிருக்கும் எலி, கீரி, பன்றி எல்லாம் நடுவில் மிஞ்சும் கரும்புக்குள் ஒதுங்கும். அதனால் கடைசித் துண்டுக்கு வந்ததும் வெட்டை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் வழி விட்டு, மற்ற மூன்று பக்கமும் நின்று கூச்சல் போடுவார்கள். உள்ளே இருப்பது ஓடிப் பிழைக்கட்டும் என்று. அப்படி ஒரு வெட்டில் கடைசித் துண்டிலிருந்து தாய்ப்பூனை ஒன்று வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியதைச் சூசை பார்த்தான். வெட்டி முடித்தபோது இன்னொரு குட்டி அங்கேயே கிடந்தது. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அவன் குனிந்து கையில் எடுத்துவிட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். மனுஷன் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாதே, இப்படிப் பண்ணிட்டியே என்று. பொழுது சாய்ந்ததும் தோகையை எரிக்கப் போகிறார்கள். தொட்ட பாவத்துக்கு வேறு வழியில்லை என்று சூசை அதைத் தலைத்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாக்கியம் ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, துணித்திரியை அதில் நனைத்துப் புகட்டினாள். பிழைத்துக்கொண்டது.

பூங்கா வாசலில் சுப்புராயன் காத்திருந்தான். நாற்பது வயதுக்காரன், காக்கிச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வந்து மூச்சை ஒருமுறை இழுத்தான். "சூப்பருக்கா," என்றான். பஸ் ஏறியதிலிருந்து குனிந்தே இருந்த அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. காவலாளி அறையில் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அவன் அந்தப் பழைய சேலையைப் பாம்புத் தோலை எடுப்பதுபோல் இரண்டு விரல்களால் ஓரத்தைப் பிடித்து எடுத்தான். தன் கை வாசனை அதில் ஏறிவிடக் கூடாதாம்.

சோகை இருந்த அறை மற்ற மிருகங்களின் கூண்டுகளிலிருந்து தள்ளி, ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருந்தது. புதிதாக வருவது எதுவானாலும் முதலில் அங்கேதான் இருக்க வேண்டும். நோய் ஏதும் இருந்தால் மற்றவற்றுக்குத் தொற்றக் கூடாது. மற்றவற்றின் சத்தமும் நாற்றமும் இதை மிரட்டக் கூடாது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை அடித்திருந்தது. உயரத்தில் உட்கார்ந்தால் பூனைக்குப் பயம் கம்மி என்றான் சுப்புராயன். கீழே வைக்கோல் போட்ட பெட்டி. கம்பிக் கதவின் முக்கால் பாகத்தைச் சாக்கு மறைத்திருந்தது. அது நம்மைப் பார்க்க வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம், நாம் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியக் கூடாது. இதையெல்லாம் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. பிறகு சாக்கின் ஓரத்தை விலக்கிக் காட்டியபோது அந்த மலர்ச்சி போய்விட்டது. பெட்டிக்குள், பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, முதுகெலும்பு துருத்த ஒரு மிருகம் கிடந்தது. பாக்கியத்துக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

சேலையைக் கிழித்து ஒரு துண்டைக் கம்பிக்கு அடியில் தள்ளினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது அசைந்தது. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, துணியை முகர்ந்து, கன்னத்தை அதில் தேய்த்தது. பூனையின் கன்னத்தில் சின்னச் சின்ன வாசனைச் சுரப்பிகள் உண்டு, தேய்ப்பது என்றால் தன் கையெழுத்தைப் போடுவது என்று சுப்புராயன் காதோடு சொன்னான். சோகை துணியின் மேல் சுருண்டு படுத்தது. தொண்டைக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பாக்கியம் வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

காட்டுப்பூனை பொழுது சாயும்போதுதான் வேட்டைக்குக் கிளம்பும். அதனால் தீனியும் அப்போதுதான். சுப்புராயன் கோழிக்கறித் துண்டுகளை அலுமினியக் கிண்ணத்தில் போட்டு, கீழே இருந்த சின்னக் கதவு வழியாக உள்ளே நகர்த்தினான். சோகை எழுந்து வந்தது. கிண்ணத்துக்கு முன்னால் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தது. கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, ஒன்றுமில்லாத ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தது.

"தெனமும் இதே கதைதாங்க்கா," என்றான் சுப்புராயன். "பசிக்குது. வருது. ஒக்காருது. அப்பால போயிடுது. டாக்டர் மேடம் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, நோவு ஒண்ணும் கெடையாது. ஆனா பூன ரொம்ப நாள் துன்னாம கெடந்துச்சின்னா, ஒடம்புல கீற கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போயி அடைச்சிக்கும். அப்பால தானா துன்னணும்னு நெனச்சாலும் முடியாது."

பாக்கியத்துக்குத் தெரியும், அது எதற்காகக் காத்திருக்கிறது என்று. போனில் அவன் கேட்டபோதே தெரியும். என்ன தின்னும், எந்தக் கிண்ணம், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னாள். இதை மட்டும் சொல்ல வெட்கம் தடுத்தது.

சூசை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்லாமல் கை வைக்க மாட்டான். புத்தகத்துச் செபம் இல்லை, அவனே கட்டியது. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொல்வான். ஆமென் சொல்லிவிட்டு முதலில் பூனையின் கிண்ணத்தைத் தரையில் வைப்பான், பிறகுதான் தன் தட்டை இழுப்பான். குட்டி வளர வளர, எதிரில் உட்கார்ந்து, தட்டுக்கு மேலே அசையும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆடி மாதம் ஒரு காலையில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே இழந்தாள். காரியமெல்லாம் முடிந்து, மகள் டயானாவும் திருப்பூருக்குத் திரும்பிய பிறகு பாக்கியம் அடுப்பு மூட்டவில்லை. பூனைக்கு மட்டும் எதையோ கிண்ணத்தில் போட்டு வைத்தாள். அது உட்கார்ந்து, தட்டும் இல்லாத ஆளும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பார்த்தாள், இரண்டாம் நாள் பார்த்தாள். பிறகு அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, அவன் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னாள். அது தின்றது. ஆமென் சொன்ன வாயால் சும்மா இருக்க முடியாமல் அவளும் பானையை வழித்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அப்படித்தான் அவள் சாப்பிட்டு வந்தாள். ராஜாம்பாளின் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், வனத்துறை ஜீப் வந்து, இது வீட்டில் வைத்திருக்கக் கூடாத மிருகம், மனுஷரிடம் பழகிவிட்டதால் காட்டிலும் விட முடியாது, ஏதாவது வீட்டு வாசலில் போய் நின்று அடிபட்டுச் சாகும் என்று விளக்கிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும்.

பூனைக்குச் செபம் சொல்லுகிறவள் என்று ஒரு அரசாங்க ஆளிடம் எப்படிச் சொல்வது?

"தம்பி, கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கிறியா," என்றாள்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். பாக்கியம் சாக்கின் ஓரமாக முகத்தை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே... இந்தச் சோத்துக்கு நன்றி. வெதச்ச கைக்கு நன்றி. வடிச்ச கைக்கு நன்றி. இல்லாத வூட்டுக்கும் ஒரு புடி குடும். ஆமென்."

சோகையின் தலை கிண்ணத்துக்குள் இறங்கியது. எலும்பு கடிபடும் சத்தம் கேட்டுத்தான் சுப்புராயன் திரும்பினான்.

அவன் சிரிக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்தபடி மெதுவாகத் தொடையில் தட்டிக்கொண்டான். "நான் கேட்டிருக்கணும்க்கா. துன்றதுக்கு முன்னாடி இன்னா சத்தம் கேக்கும்னு நான் கேக்கவே இல்ல பாருங்க." இங்கே மான்கள் வாளிச் சத்தத்துக்கு வரும், குரங்குகள் அவன் சைக்கிள் மணிக்கு வரும். தினமும் ஒரு சத்தம், அதன் பின்னால் தீனி என்று பழகிவிட்டால், சத்தம் இல்லாத தீனி மிருகத்துக்குச் சந்தேகப் பொருள். சோகைக்கு அர்த்தம் தெரியாது, இழுப்புதான் தெரியும். எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே முடியும் என்பதுதான் தெரியும். சொல்லச் சொல்ல அவனுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"ஆனா நீங்க தெனம் வர முடியாதேக்கா," என்றான். "அது என் கொரலுக்கு துன்னணும்."

அடுத்த நாளும் அதற்கடுத்த நாட்களும் பாக்கியம் மாலை பஸ்ஸில் வந்தாள். முதலில் அவள் மட்டும் சொல்ல வேண்டும், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, பிறகு அவள் பக்கத்தில் இருக்க அவன் மட்டும், கடைசியில் அவள் இல்லாமல். துணியும் அப்படியே, நாளுக்கு நாள் சின்னதாக. இதைச் சொன்னபோது அவனுக்கே ஒரு கூச்சம் வந்துவிட்டது. "நான் சொல்லலாங்களா? எங்களுக்குக் குலசாமி பச்சையம்மா. உங்க சாமி கோச்சிக்கப் போவுது."

"சோறு போட்டா எந்தச் சாமி கோச்சிக்கும்," என்றாள் பாக்கியம்.

அவனுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் சேலம், சேலம் என்று கூவுகிற மாதிரி வந்தது. சோகை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பலகைக்கு ஏறிவிட்டது. பாக்கியம் அவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "அவசரப்படாத தம்பி. பசி இருக்கும், ஆனா அவசரம் இருக்காது. நன்றின்னு சொல்றப்ப மூச்சு விடற மாரி வுடணும். அவரு அப்டித்தான் வுடுவாரு." சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது, சூசை 'வடிச்ச கைக்கு' என்னும் இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவான் என்று. அந்த இடத்தில் அவன் கண் அவள் பக்கம் வரும். இத்தனை வருஷமாக அதைக் கேட்டவளுக்கு, இன்னொருத்தனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அது தன்னைச் சொன்னது என்று உறைத்தது. அந்த இடத்தையும் அப்படியே சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு நாள் கிண்ணம் கழுவிக்கொண்டே அவன் வாசனைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வாசனையின் மேல் இன்னொன்றை ஏற்றலாம், அடியில் இருப்பது அழிவதில்லை. அதனால்தான் மனுஷன் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று ஊரில் சொல்வதெல்லாம் சும்மா. தாய்க்குத் தன் குட்டி வாசனை அடியிலிருந்து வந்துவிடும். குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் தூக்கிக்கொண்டு போகும், கடைசிக் குட்டிக்கும் திரும்பி வரும்.

பாக்கியம் துணியைக் கிழித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். சோகை கிடைத்த கதையை முன்பே அவனிடம் சொல்லியிருந்தாள். "அப்ப அன்னிக்கு எரிக்கறதுக்கு முன்ன வரப்பு மேல வெச்சிட்டு வந்திருந்தா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூடினான். பொய் சொல்லத் தெரியாத ஆள். "வந்திருக்கும்க்கா," என்றான். பிறகு, "தெரியாமதான செஞ்சாரு," என்றான்.

அன்று பஸ்ஸில் நிலா வெளிச்சத்தில் வெட்டு முடிந்த கழனி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனாள். கருகின தோகைச் சாம்பலுக்கு ஓரத்தில், வரப்பு மேல், தாய்ப்பூனை ஒன்று நின்று முகர்ந்துகொண்டிருப்பதாகவே ஒவ்வொரு கழனியிலும் தோன்றியது. சூசைக்கு இது தெரியாமல் போனது நல்லது என்று நினைத்தாள். அவனிடம் சொல்ல முடியாமல் போனதும் அந்த நினைப்போடு சேர்ந்தே வந்தது.

சுப்புராயனுக்குச் செபம் வந்த நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் குந்தி உட்கார்ந்து ஆரம்பித்தான். வெதச்ச கைக்கு நன்றி என்பது வரைக்கும் அது சுப்புராயன் குரலாகத்தான் இருந்தது. அடுத்த சொல்லில் குரல் தாழ்ந்தது. பாக்கியத்தின் கை தானாகச் சேலையைச் சரிசெய்து தலைமுடியை ஒதுக்கியது. ஒரு கணம்தான். அதற்குள் ஆமென் வந்துவிட்டது. கிண்ணம் சிமெண்டில் உரசியது. சோகை அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து தின்றது.

பாக்கியம் எழுந்து மழைக்குள் போய் நின்றாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். வரியை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வரலாம். முதலில் ஆண்டவரே போகும், அப்புறம் விதைத்த கை, வடித்த கை எல்லாம் போகும். கடைசியில் ஆமென் மட்டும் இருக்கும். பிறகு அதுவும் வேண்டாம், கிண்ணச் சத்தமே போதும். லீவில் வேறு ஆள் வந்தாலும் அது பட்டினி கிடக்காது. அவள் திரும்பியபோது அவன் பேச்சு பாதியில் நின்றது.

"மெல்ல கொறை தம்பி," என்றாள். "கொஞ்சம் மெல்ல."

கடைசியாக அவளைக் கூப்பிட்டது பெரிய அடைப்புக்குச் சோகையை மாற்றிய அன்றைக்கு. சின்னக் குட்டையும் கல்லும் வைத்து, இடுப்பு உயரத்துக்குப் புல் வளர்த்திருந்தான். காட்டுப்பூனைக்குப் புல்தான் வீடு என்றான். அவள் முன்னால் வர வேண்டியது ஒருவேளை அது மிரண்டால் மட்டும். பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து காற்று கீழே இறங்கும், அதனால் கீழ்ப்பக்கம், மதில் ஓரமாக நில்லுங்கள், உங்கள் வாசனை அதற்குப் போகாது என்றான். அவள் அங்கே போய் நின்றாள். கூண்டுக் கதவு தூக்கும் சத்தம் கேட்டது. மதில் ஓட்டை வழியாகப் பார்த்தாள். தோகை நிறத்தில் ஒன்று வெளியே வந்து, நின்று, புல்லுக்குள் போனது. அதன் பிறகு புல் மட்டும் இருந்தது. எங்கே புல், எங்கே பூனை என்று அவளுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, தூரத்திலிருந்து குரல் வந்தது. ஒரே வரிதான் மிச்சம் வைத்திருந்தான். "வடிச்ச கைக்கு நன்றி. ஆமென்." கிண்ணம் உரசியது. அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள்.

கச்சிராயபாளையத்தில் பஸ் வர நேரம் இருந்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. எதிரே இருந்த இட்லிக் கடையில், சுவரோர மேசையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, நாலு இட்லி வைத்து, சட்னியை ஓரத்தில் ஊற்றிவிட்டுப் போனார். ஆவி எழுந்தது. பாக்கியம் இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் சேர்த்து வைத்திருந்தாள். பக்கத்து மேசையில் வந்தவர்கள் தின்று முடித்து, கை கழுவிப் போனார்கள். கடைக்காரர் சாம்பார் வாளியோடு ஒருமுறை கடந்து போனார், திரும்பி வந்தார், நின்றார்.

"இன்னாமா, வெச்சது வெச்சபடி இருக்குது. ஆறிப்போவுது பாரு. யாருனா வரணுமா?"

அவள் இலையைப் பார்க்கவில்லை. இலைக்கு மேலே, எதிர் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில், ஆவி கலைந்துகொண்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.